ஆறு பெல்ட்பேக் இருக்கு, பவர் சப்ளை இல்லை: கம்பி இன்டர்கொமுக்குப் பெட்டி செய்வது எப்படி?

ஹட்டன்_லைவ் (கேள்வி)

வணக்கம். நாலு கெமரா, ஒரு விஷன் மிக்சர் (கெமராப் படங்களை மாத்தி மாத்திப் போடுற மேசை). கோயில் திருவிழா, தமிழ்த் தினப் போட்டி நாடகம், தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்து, இதெல்லாம் நேரலை போடுற வேலை. கெமராக்காரங்களுக்கு இப்போ ஃபோன் குரூப் கோலிலதான் சொல்றது. ஆயிரம் பேர் கூடி எல்லாரும் ஃபேஸ்புக் திறந்தா அந்தக் கோல் அறுந்துடும்.

கைக்கு வந்திருக்கிறது ஆறு பழைய பெல்ட்பேக் (இடுப்புல மாட்டிக் கம்பி வழியாப் பேசுற இன்டர்கொம் பெட்டி), கிளியர்-காம் வகை, ஒரு சேனல், 3 பின் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்ல வர்ற உருண்டைப் பிளக்), ஹெட்செட்டோட. மெயின் ஸ்டேஷனும் இல்லை, பவர் சப்ளையும் இல்லை. எல்இடி பட்டிக்கு விக்கிற 24 வோல்ட் 5 ஆம்பியர் ஸ்விட்சிங் சப்ளை ஒண்ணை எடுத்து, மைனஸை 1ம் பின்னுக்கும் ப்ளஸை 2ம் பின்னுக்கும் கொடுத்துப் பார்த்ததில் நிலைமை இது:

ஒரு பெல்ட்பேக் மட்டும் போட்டா லைட் எரியுது, ஆனா பேசுறவருக்குத் தன் குரலே காது கிழியுற மாதிரிக் கேக்குது. ரெண்டு பேர் டோக் பட்டனை (பேசுறதுக்கான Talk) போட்டா கீச்சுன்னு கத்துது. கால் பட்டனை (விளக்கைப் போட்டு மத்தவங்களைக் கூப்பிடுற Call) ஒருக்கா அமத்தினா விளக்கு அணையவே மாட்டேங்குது. பின்னால எப்பவும் ஒரு ‘ஸ்ஸ்ர்ர்’ இரைச்சல். சப்ளையோட தகரப் பெட்டியைத் தொட்டா விரல்ல சுருக்குன்னு ஒரு இழுப்பு.

பெல்ட்பேக் பழுதா, சப்ளை பழுதா? ரெண்டு சேனலாப் பிரிக்கவும் வேணும் (கெமரா ஒண்ணு, மேடையும் லைட்டும் ஒண்ணு). மேசையிலிருந்து கடைசிக் கெமரா வரைக்கும் 100 மீட்டர் வரும்.

---

சோல்டர்_கம்பி

பெல்ட்பேக் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க சொன்ன அஞ்சு குறையில மூணு ஒரே காரணத்தால வருது: லைன்ல டெர்மினேஷன் இல்லை.

இந்த வகை இன்டர்கொம்ல 1ம் பின் பொது எர்த், 2ம் பின்ல டிசி, 3ம் பின்ல எல்லாருடைய குரலும். பவர் சப்ளைன்னு பேர் இருந்தாலும் அந்தப் பெட்டிக்கு ரெண்டு வேலை. கரண்ட் கொடுக்கிறது ஒண்ணு, 3ம் பின்னுக்கும் 1ம் பின்னுக்கும் நடுவில 200 ஓம் அளவில ஒரு சுமை வைக்கிறது மத்தது. உங்க எல்இடி சப்ளை முதல் வேலையை மட்டும்தான் பார்க்குது.

பெல்ட்பேக் ஒவ்வொண்ணும் குரலை ஒரு கரண்டா லைனுக்குள்ள தள்ளும். அந்தக் கரண்ட் 200 ஓம்ல விழுந்தாத்தான் சரியான அளவு வோல்ட் வரும். பெல்ட்பேக்கோட சொந்த இம்பிடன்ஸ் (குரல் சிக்னலுக்குக் காட்டுற எதிர்ப்பு) 10, 15 கிலோஓம் வரும். ஆறு சேர்ந்தா 15ஐ 6ஆல பிரிச்சு 2.5 கிலோஓம். 200 இருக்க வேண்டிய இடத்துல 2500 இருந்தா சத்தம் பன்னிரண்டரை மடங்கு, அதாவது 22 டிபி (டெசிபல்) கூட. பேசுறவர் குரல் அவர் காதுக்கே திரும்புறதை அளவோட வெட்டுற சுற்று ஒண்ணும் உள்ள இருக்கு, சைட்டோன்னு சொல்றது. அதுவும் 200 ஓமை நம்பித்தான் கணக்குப் போட்டு வச்சிருக்கு. அது தப்பினா காதுல வர்ற சத்தம் மைக்குக்குள்ள போய் கீச்சுன்னு சுத்தும்.

கால் விளக்கு அணையாததும் இதே கதை. கால் பட்டனை அமத்தினா 3ம் பின்ல பத்து வோல்ட்டுக்கு மேல டிசி ஏறும். அது வடிஞ்சு போக வழி வேணும். வழி இல்லாட்டி அங்கேயே நிக்கும்.

அதனால பெட்டி கட்டுறதுக்கு முன்ன ரெண்டு பிளேன்டி (பால் இல்லாத தேத்தண்ணி) விலையில இதைச் செய்து பாருங்க. 220 ஓம் அரை வோட் ரெசிஸ்டரோட ஒரு 22 மைக்ரோஃபரட் 63 வோல்ட் கெப்பாசிட்டரை வரிசையாச் சேர்த்து, கெப்பாசிட்டரின் ப்ளஸ் கால் 3ம் பின் பக்கம் இருக்கிற மாதிரி 3க்கும் 1க்கும் நடுவில போடுங்க. அதுக்கு இணையா, அதே ரெண்டு பின்னுக்கு நடுவில, 4.7 கிலோஓம் அரை வோட் ஒண்ணு. 220 ஓம் குரலுக்கு, 4.7 கிலோ கால் பட்டன் ஏத்தின வோல்ட் வடியுறதுக்கு. பழைய எக்ஸ்எல்ஆர் ஆண் பிளக் ஒண்ணோட வயித்துக்குள்ளேயே மூணும் அடங்கும்.

கெப்பாசிட்டரைப் பெரிசாப் போட்டா நல்லதுன்னு நினைச்சு 470 போடாதீங்க. 22 மைக்ரோவுக்கே 33 ஹேர்ட்ஸ் வரைக்கும் இறங்கும், பேச்சுக்கு அது தாராளம். 470 போட்டா கால் விளக்கு கையை எடுத்த பிறகும் மூணு செக்கனுக்கு மேல எரியும். 22ல கால் செக்கன் கூட ஆகாது.

இப்போ சப்ளை. உங்க எல்இடி சப்ளையைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஆனா அதுல ரெண்டு சங்கடம். அஞ்சு ஆம்பியர் பின்னால நிக்குது: மைக் கேபிள்ல 1ம் 2ம் சோர்ட் ஆனா கேபிள்தான் பியூஸ். அடுத்தது, இந்த வகை சப்ளைகள்ல உள்வரும் மெயின்ஸ் கம்பியிலிருந்து பெட்டிக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போயிருக்கும். சொக்கட்ல எர்த் இருந்தா அது வழியா ஓடிப்போகும். எர்த் இல்லாட்டி பெட்டி 110, 115 வோல்ட் அளவில மிதக்கும். விரல்ல சுருக்குன்னது அதுதான், ‘ஸ்ஸ்ர்ர்’ இரைச்சலும் பெரும்பாலும் அதுதான். பழைய கட்டடத்து உருண்டைப் பின் சொக்கட்ல எர்த் துளை இருக்கும், பின்னால கம்பி இருக்காது. முதல்ல அதைப் பாருங்க.

நிரந்தரமாச் செய்யுறதா இருந்தா ட்ரான்ஸ்போமர் சப்ளைதான் என் தெரிவு. அமைதி, பழுது பார்க்கலாம், சாமான் எல்லாம் கொழும்புப் புறக்கோட்டையில கிடைக்கும்.

மெயின்ஸ் பக்கம் மூணு கோர் வயர், லைவ் கம்பியில 500 மில்லிஆம்பியர் ஸ்லோ பியூஸ், சுவிட்ச், எர்த் கம்பி தகரப் பெட்டிக்கு வளையம் போட்டு ஸ்குரூவில. ட்ரான்ஸ்போமர் 230க்கு 24 வோல்ட், 2 ஆம்பியர். டோரொயிட் (வளைய வடிவம்) கிடைச்சா நல்லது, பக்கத்துக் கேபிள்ல 50 ஹேர்ட்ஸை அவ்வளவா ஏத்தாது. பிறகு 4 ஆம்பியர் பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்குற நாலு டயோட்), அதுக்குப் பின்னால 4700 மைக்ரோ 63 வோல்ட் கெப்பாசிட்டர். 50 வோல்ட் கெப்பாசிட்டர் போதாதான்னு கேப்பீங்க. சுமை இல்லாம, மெயின்ஸ் 250க்கு ஏறின நேரம் அங்க 40க்குக் கிட்ட நிக்கும். ஜெனரேட்டர் எகிறினா இன்னும் மேல. 63 போடுங்க.

வோல்ட்டை ஒரே அளவில நிறுத்துற ரெகுலேட்டர் சிப் எல்எம்317, அதுக்கு இன்புட், அவுட்புட், அட்ஜஸ்ட்னு மூணு கால். அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் நடுவில 240 ஓம், அட்ஜஸ்டிலிருந்து மைனஸுக்கு 4.7 கிலோஓம். வெளியே 26 வோல்ட் கிடைக்கும். அட்ஜஸ்ட் காலிலிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோ 50 வோல்ட் ஒண்ணு கட்டாயம். ஹம்மைக் குறைக்கிறது அந்தக் கெப்பாசிட்டர்தான். அது இருக்கிறதால ரெண்டு 1என்4007 டயோடும் வேணும்: ஒண்ணு அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு, ஒண்ணு அட்ஜஸ்டிலிருந்து அவுட்புட்டுக்கு, ரெண்டிலயும் வெள்ளைக் கோடு நான் ரெண்டாவதாச் சொன்ன கால் பக்கம். அவுட்புட்ல 100 மைக்ரோ 50 வோல்ட்.

ஆறு பெல்ட்பேக்குக்கு எவ்வளவு கரண்ட்? பழைய மொடலுக்கு, விளக்கும் டோக்கும் போட்ட நிலையில ஒண்ணுக்கு 60 மில்லிஆம்பியர்னு வச்சுக் கணக்குப் போடுங்க, 360 வரும். உங்களுடையதை மீட்டர் வச்சு அளந்துக்கோங்க. பெரும்பாலும் அதுக்குக் கீழதான் காட்டும். சிப்பில விழுற வெப்பம் ஏழு வோல்ட் தர 0.36 ஆம்பியர், ரெண்டரை வோட். உள்ளங்கை அளவு ஹீட்சிங்க். எல்எம்317இன் உலோக முதுகு அவுட்புட்டோட சேர்ந்தது, மைக்காத் தகடு (மின்காப்பு) இல்லாம பெட்டியில பூட்டினா 26 வோல்ட் பெட்டியோட சோர்ட்.

சேனலுக்கு ஒரு பொலிஃபியூஸ் (கரண்ட் கூடிச் சூடானா திறந்து, ஆறினா தானா மூடுற பியூஸ்), 0.5 ஆம்பியர், 60 வோல்ட் வகை. அதுக்குப் பிறகு சேனலுக்கு ஒரு எக்ஸ்எல்ஆர், ஒவ்வொண்ணுக்கும் மேல சொன்ன மாதிரி டெர்மினேஷன்.

பெல்ட்பேக் மாட்டுறதுக்கு முன்ன 100 ஓம் 10 வோட் ரெசிஸ்டரை 1க்கும் 2க்கும் நடுவில வச்சுப் பத்து நிமிஷம் ஓட விடுங்க. ரெசிஸ்டர் கொதிக்கும், தொடாதீங்க. வோல்ட் 26லேயே நிக்கணும். 3க்கும் 1க்கும் நடுவில டிசி சுழியம்.

---

தப்பும்_தவிலும்

மேல உள்ளவர் பெட்டிக்குள்ள இருக்கிறதைச் சொல்லிட்டார். மலையில இந்தச் சாமான் படுக்கிறது பெட்டிக்கு வெளிய.

முதல்ல கேபிளுக்கு மஞ்சள் டேப் சுத்துங்க. ரெண்டு முனையிலயும், தூரத்திலிருந்து தெரியிற மாதிரி. லைட்காரங்க கொண்டு வர்ற எல்இடி பார் எல்லாத்துக்கும் டிஎம்எக்ஸ் (லைட்டுக்குக் கட்டளை கொண்டுபோற சிக்னல்) அதே 3 பின் எக்ஸ்எல்ஆர்லதான் வருது. இருட்டில ஒருத்தர் இன்டர்கொம் கேபிளை லைட்டுக்குள்ள செருகினா 26 வோல்ட் நேரே அதோட ஆர்எஸ்485 சிப்புக்கு (டிஎம்எக்ஸை வாங்குற சிப்) போகும். அந்தச் சிப் தாங்குறது 12 வோல்ட் வரைக்கும்தான். ஒரு லைட் போறதோட நிக்காது, அதோட சங்கிலியா இணைச்ச எல்லாத்துக்கும் அதே வோல்ட் ஓடும். சவுண்ட் மிக்சர் மைக் இன்புட்டுக்கும் இதேதான், அங்கயும் செருகக் கூடாது. சவுண்ட்காரரோட மல்டிகோர்ல (பல மைக் லைன் ஒண்ணாப் போற கேபிள்) மிஞ்சின சேனல் இருக்குன்னு அதுக்குள்ளயும் விடாதீங்க. இன்டர்கொம் குரல் பேலன்ஸ் இல்லாதது, கால் அமத்தும்போது வர்ற ‘டப்’ பக்கத்து மைக் லைனுக்குள்ள ஏறும்.

எக்ஸ்எல்ஆர் பிளக்கோட உலோக ஓட்டை (வெளி உறையை) 1ம் பின்னோட சேர்த்து சோல்டர் பண்ணாதீங்க. மேடை தகரத்திலயும் இரும்புக் குழாயிலயும் நிக்கும். ஓடு குழாயைத் தொட்ட இடத்துல எல்லாம் ஒரு புது எர்த் வழி உண்டாகும், எந்த மூட்டுன்னு தேடி மாளாது. விலைக்கு வாங்கின ரெடிமேட் கேபிள்ல சிலது உள்ள சேர்த்தே வரும். திறந்து பார்த்து வெட்டிவிடுங்க.

அடுத்தது பனி. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் பின்னேரம் நாலு மணிக்கு மூட்டம் இறங்கினா புல்லில கிடக்கிற மூட்டுக்குள்ள தண்ணி நிக்கும். 2ம் பின்ல எப்பவும் டிசி இருக்கு, 3ம் பின் அதுக்கு மில்லிமீட்டர் கணக்குத் தூரம். ஈரத்து வழியா அரை மில்லிஆம்பியர் கசிஞ்சாப் போதும். அந்த 4.7 கிலோஓம்ல கிட்டத்தட்ட ரெண்டரை வோல்ட் நிக்கும், பல பெல்ட்பேக் அதையே கால்னு எடுத்துக்கொண்டு விளக்கைப் போடும். கணக்குப் பார்த்தா 45, 50 கிலோஓம் கசிவுதான் வேண்டியது, நனைஞ்ச மூட்டு அதைச் சுலபமாக் கொடுக்கும். யாரும் அமத்தாம எல்லா விளக்கும் மெல்ல எரிஞ்சா பட்டனைக் குறை சொல்லாதீங்க, கேபிளைத் தூக்கிப் பாருங்க. நனைஞ்ச மூட்டைத் திறந்தா 2ம் பின்ல பச்சை பூத்திருக்கும், மத்த ரெண்டும் பளபளன்னு இருக்கும். டிசியோட ப்ளஸ் நிக்கிற இடத்துலதான் செம்பு கரையும். அப்படிப் பச்சை பிடிச்ச பின்னைச் சுரண்டி வைக்கிறதை விட பிளக்கை மாத்துறது மலிவு.

மூட்டுக்கு சைக்கிள் ட்யூப். ஒரு சாண் துண்டு வெட்டி, செருகுறதுக்கு முன்ன ஒரு கேபிள்ல கோர்த்து வையுங்க. செருகின பிறகு மூட்டு மேல இழுத்து ரெண்டு பக்கமும் கட்டுங்க. இன்சுலேஷன் டேப் சுத்தினா உள்ள போன ஈரம் வெளிய வராது, அவிழ்க்கும்போது பசையும் பிடிக்கும். மூட்டை நிலத்துல போடாம கம்பத்துல கட்டுங்க, கேபிள் ரெண்டு பக்கமும் மூட்டுக்குக் கீழ தொங்கி வளையணும். தண்ணி வளைவுல சொட்டிப் போகும்.

ஹெட்செட் விஷயமும் சொல்லிடுறேன். தப்பு மேளம் அடிக்கிற இடத்துல நிக்கிற கெமராவுக்கு ரெண்டு காதும் மூடுற ஹெட்செட் கொடுங்க. டோக்கைத் திறந்தே வைக்காதீங்க. ஒரு லைன்ல எத்தனை மைக் திறந்திருக்கோ அத்தனை தப்புச் சத்தமும் எல்லார் காதுக்கும் வரும். காமன் கூத்து விடிய விடிய நடக்கிறது. ரெண்டு மணிக்கு மேல பாதிப் பேர் ஹெட்செட்டைக் கழுத்துல போட்டுடுவாங்க, அந்த மைக் நெஞ்சுக்கிட்ட திறந்து கிடக்கும்.

---

ஹட்டன்_லைவ்

டெர்மினேஷன் பிளக் செய்து எல்இடி சப்ளையோடவே போட்டுப் பார்த்தாச்சு. கீச் நின்னது, சைட்டோன் சரி, கால் விளக்கும் அணையுது. சொக்கட்ல எர்த் இல்லைங்கிறதும் உண்மை. எர்த் உள்ள சொக்கட்டுக்கு மாத்தினதும் சுருக் போச்சு, இரைச்சல் முக்கால்வாசி குறைஞ்சது.

ட்ரான்ஸ்போமர் பெட்டியே கட்டுறதா முடிவு. ரெண்டு கேள்வி. தோட்டத்துக் கோயில்கள்ல இரவு கரண்ட் 190க்கு இறங்குது, அப்போ இந்த 26 வோல்ட் நிக்குமா? ரெண்டு சேனலுக்கும் ஒரு எல்எம்317 போதுமா?

---

ஊவா_ஒலி

ரெண்டாவது கேள்வியை முதல்ல எடுக்கிறேன். மேலே சொல்லப்பட்ட சுற்றில் ஒரு இடத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒரே எல்எம்317, அதற்குப் பின்னால் இரண்டு பொலிஃபியூஸ் என்றால், ஒரு சேனல் சோர்ட் ஆனால் மற்றச் சேனல் பிழைக்கும் என்று தோன்றும். பிழைக்காது. 0.5 ஆம்பியர் பொலிஃபியூஸ் திறக்க ஏறத்தாழ ஒரு ஆம்பியர் வேண்டும். சோர்ட் ஆனதும் அவுட்புட் கீழே விழும், சிப்புக்குக் குறுக்கே 30 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அந்த நிலையில் எல்எம்317 தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கரண்டைத் தானே சுருக்கிவிடும், முழு 1.5 ஆம்பியரைத் தராது, அரை ஆம்பியர் அளவுக்கே இறங்கிவிடலாம். பொலிஃபியூஸ் அதைச் சாதாரணச் சுமை என்று நினைத்துச் சும்மா இருக்கும். குளிரில் இன்னும் மோசம்: பொலிஃபியூஸ் வெப்பத்தால் திறப்பது, 10 பாகைக் காற்றில் அதைத் திறக்க இன்னும் கூடக் கரண்ட் வேண்டும். சிப் கொதித்துத் தானாக அணையும், ஆறும், திரும்ப எழும். இரண்டு சேனலும் சேர்ந்து விட்டு விட்டு வரும். மேடை நடுவில் இதைவிடக் குழப்பமான பழுது வேறு இல்லை.

ஆகவே சேனலுக்கு ஒரு எல்எம்317. ட்ரான்ஸ்போமர், பிரிட்ஜ், 4700 மைக்ரோ ஆகிய மூன்றும் பொது. அதற்குப் பின்னால் எல்லாம் இரண்டு. ஒன்று சோர்ட் ஆனால் அது மட்டும் அணையும். கூடுதல் செலவு ஒரு சிப், இரண்டு டயோட், சில சில்லறைச் சாமான். வெப்பமும் இரண்டாகப் பிரியும். பொலிஃபியூஸ் தேவையில்லை.

1ம் பின் கம்பிகள் இரண்டு சேனலிலிருந்தும் தனித்தனியாக வந்து, 4700 மைக்ரோவின் மைனஸ் காலில் மட்டும் சந்திக்க வேண்டும். ஒரே கம்பியில் தொடுத்துக்கொண்டு போனால் அந்தச் சில மில்லிஓம் போதும், ஒரு சேனலின் பேச்சு மற்றதில் கிசுகிசு என்று கேட்கும். அதே காரணத்தால், இரண்டு சேனலையும் ஒரே கேபிளின் ஒரே ஷீல்டில் (கோரைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னல்) அனுப்பாதீர்கள்.

இனி 190 வோல்ட். கணக்கு இப்படி. 24 வோல்ட் 2 ஆம்பியர் ட்ரான்ஸ்போமரை 0.4 ஆம்பியர் மட்டும் சுமக்க வைத்தால் அது 24க்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும், 26 என்று வையுங்கள். சுவரில் 190 என்றால் அது 21.5 ஆகும். உச்சம் 30.4. பிரிட்ஜில் ஒன்றரை போனால் 28.9. 4700 மைக்ரோவில் 0.4 ஆம்பியருக்கு அலை (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 0.85 வோல்ட், ஆக அடிமட்டம் 28 அளவு. எல்எம்317 தன் வெளியீட்டுக்கு மேல் இரண்டு வோல்ட் உள்ளே கேட்கும். 26 வோல்ட் வெளியீட்டுக்கு இது நூலிழை. சுவரில் இன்னும் ஐந்து வோல்ட் இறங்கினால் ரெகுலேட்டர் கை விடும், அலை அப்படியே வெளியே வரும்.

அந்த 4.7 கிலோஓமுக்குப் பதில் 4.3 கிலோஓம் போடுங்கள் (ரெகுலேட்டரில் உள்ளதைச் சொல்கிறேன், டெர்மினேஷனில் உள்ளதை அல்ல). வெளியீடு 24 வோல்ட்டுக்கு வரும். அப்போது சுவரில் 180 வரை தாங்கும். பெரும்பாலான பெல்ட்பேக் 20 முதல் 30 வோல்ட் வரை வேலை செய்யும் என்பதால் 24இல் சத்தமோ தெளிவோ குறையாது.

கெடுவது கேபிளில்தான். 0.22 சதுர மில்லிமீட்டர் மைக் கேபிளில் ஒரு கோர் 100 மீட்டருக்கு எட்டு ஓம் அளவு, திரும்பி வரும் ஷீல்ட் மூன்று ஓம் அளவு, மொத்தம் 11. தூரத்து முனையில் மூன்று பெல்ட்பேக், 0.18 ஆம்பியர் என்றால் இரண்டு வோல்ட் விழும், 22 மிச்சம். போதும். ஆறையும் அங்கே கொண்டுபோனால் நான்கு வோல்ட் விழுந்து 20இல் நிற்கும், அது விளிம்பு. பெட்டியை மேசையில்தான் வைக்க வேண்டும் என்று சட்டமில்லை. லைனின் நடுவில், கோயில் மண்டபத்துக்குள் வைத்தால் தூரம் பாதி. நீளமான கேபிளால் குரல் மங்குமோ என்று பயப்பட வேண்டாம். மீட்டருக்கு 100 பிகோஃபரட் என்று எடுத்தாலும் 500 மீட்டர் கேபிள் 200 ஓமோடு சேர்ந்து 16 கிலோஹேர்ட்ஸ் அளவில்தான் வெட்டும்.

இதை எல்லாம் சொன்ன பிறகு என் சொந்தத் தெரிவு: மின்சாரம் நம்ப முடியாத தோட்டத்துக்குப் பெட்டரி. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி அடைத்த லெட் அசிட் பெட்டரி இரண்டை வரிசையில் போட்டால் 25 வோல்ட் சொச்சம். அந்த 7 என்பது 20 மணிநேர வேகத்துக்கு, அதாவது 0.35 ஆம்பியருக்கு அச்சிட்டது. உங்கள் ஆறு பெல்ட்பேக்கும் ஏறத்தாழ அதையே இழுக்கும். குளிரையும் பெட்டரியின் வயதையும் கழித்துப் பாதி என்று வைத்தாலும் பத்து மணிநேரம். ஹம் இல்லை, எர்த் இல்லை, கரண்ட் போனாலும் கவலை இல்லை. ப்ளஸ் முனையில் உடனே 2 ஆம்பியர் கண்ணாடி பியூஸ், அதன் பிறகு சேனலுக்கு ஒரு 0.5 பொலிஃபியூஸ். இங்கே அது சரியாக வேலை செய்யும், பெட்டரி கரண்டைச் சுருக்காது. 23 வோல்ட்டுக்கு இறங்கினால் மாற்றுங்கள். ஓடும்போது மலிவுச் சார்ஜரைப் பூட்டி வைக்காதீர்கள், அதன் இரைச்சல் முழுவதும் லைனுக்குள் வரும்.

---

சோல்டர்_கம்பி

எல்எம்317 சுருக்கிக்கொள்ளும்ங்கிறது சரி, என் சுற்றில அதை விட்டுட்டேன். சேனலுக்கு ஒண்ணாப் போடுங்க. 4.3 கிலோவும் சரி.

பெட்டரியில மட்டும் ஒரு எச்சரிக்கை. ரெண்டையும் ஒரே வயசுல, ஒரே தடவையில வாங்குங்க. பழசும் புதுசும் வரிசையில போட்டா பழசு முதல்ல செத்துப் புதுசையும் இழுத்துக்கொண்டு போகும். சார்ஜ் பண்ணும்போது பிரிச்சு, ஒவ்வொண்ணையும் தனியா 12 வோல்ட் சார்ஜர்ல போடுங்க. ஒரே பெட்டியில ரெண்டையும் வைக்கலாம்: ட்ரான்ஸ்போமர், பெட்டரி, நடுவில நடுப்புள்ளி ஓஃப் உள்ள ரெண்டு பக்கச் சுவிட்ச். டயோட் போட்டுத் தானா மாறுற மாதிரியும் செய்யலாம், ஆனா அப்போ பெட்டரி எப்போ இறங்க ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட்மீட்டரை முகப்பில பதிச்சிடுங்க.

டெர்மினேஷன் பெட்டிக்குள்ள போன பிறகு அந்தப் பழைய பிளக்கைக் கேபிள் பைக்குள்ள போடாதீங்க. யாராவது அதை ஒரு காலி முனையில செருகினா 200 ஓம் 100 ஆகும், எல்லார் குரலும் பாதியாக் குறையும், 6 டிபி. பெல்ட்பேக் எல்லாத்தையும் கழட்டிப் பவரை அணைச்சிட்டு 3க்கும் 1க்கும் நடுவில மீட்டரை ஓம்ல வைங்க. இலக்கம் ஏறி 4.7 கிலோவில நின்னா ஒண்ணு. 2.3, 2.4ல நின்னா எங்கயோ ரெண்டாவது ஒளிஞ்சிருக்கு.

---

ஹட்டன்_லைவ்

பெட்டி கட்டியாச்சு, ரெண்டு எல்எம்317, 4.3 கிலோ. ஒரு சேனல் 23.9, மத்தது 24.1. ரெசிஸ்டர் வச்சுப் பத்து நிமிஷம் ஓடினது. ஆறு பெல்ட்பேக்கும் விளக்கோட சேர்த்து 290 மில்லிஆம்பியர்தான் எடுக்குது. 2ம் சேனலை வேணும்னே சோர்ட் பண்ணிப் பார்த்ததில 1ம் சேனல் அசையல.

ஒண்ணுதான் மிச்சம். விஷன் மிக்சர்ல பேசுறதைப் பதிவு பண்ண 3ம் பின்னிலிருந்து ஒரு கம்பி எடுத்து ஓடியோ இன்புட்டுக்குக் கொடுத்தா உடனே ஹம். கழட்டினா அமைதி.

---

ஊவா_ஒலி

ஹம்மின் சுருதியைக் கேளுங்கள். 100 ஹேர்ட்ஸ், கொஞ்சம் கரகரப்பு என்றால் ரெகுலேட்டர் கைவிட்ட அலை. 50 ஹேர்ட்ஸ், தாழ்ந்த மொட்டைச் சுருதி என்றால் எர்த் வளையம். தம்புராச் சுருதி பிடிக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் இரண்டுக்கும் சரியாக ஒரு ஸ்தாயி வித்தியாசம் என்று உடனே சொல்லிவிடுவார். கழற்றினால் போகிறது என்பதால் உங்களுடையது இரண்டாவது. பெட்டியும் மிக்சரும் இரண்டு வழியாக எர்த்துக்குப் போகின்றன, உங்கள் கம்பி அந்த இரண்டையும் முடிச்சுப் போடுகிறது.

எர்த் பின்னை வெட்டி இதைத் தீர்க்க வேண்டாம். நனைந்த புல்லில் ஹெட்செட் போட்டுக்கொண்டு நிற்பவரின் தலை அந்த 1ம் பின்னோடுதான் சேர்ந்திருக்கிறது.

600க்கு 600 ஓம் ஓடியோ ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்குங்கள். நேரே லைனுக்குக் குறுக்கே போட்டால் 200 ஓம் 150 வரை இறங்கி எல்லாருக்கும் 2.5 டிபி வரை குறையும், கால் பட்டனின் டிசி வோல்ட்டும் சுருளுக்குள் போகும். ஆகவே 3ம் பின்னிலிருந்து 1 மைக்ரோ போலாரிட்டி இல்லாத கெப்பாசிட்டர், அதோடு வரிசையாக 4.7 கிலோஓம், பிறகு சுருளின் ஒரு முனை. மறு முனை 1ம் பின்னுக்கு. அடுத்த சுருளின் இரண்டு முனையும் மிக்சரின் மைக் இன்புட்டில் 2க்கும் 3க்கும், ஃபான்டம் (மிக்சர் மைக்குக்கு அனுப்பும் டிசி) அணைத்து. 19 டிபி வரை குறைந்துதான் போகும், மைக் இன்புட்டுக்கு அது தாராளம். மிக்சர் பக்க ஷீல்ட் மிக்சரோடு மட்டும் நிற்கட்டும், இந்தப் பக்கம் எதிலும் தொட வேண்டாம். முழுவதையும் ஒரு சின்னத் தகர டப்பாவுக்குள் வைத்து, பவர் ட்ரான்ஸ்போமரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

---

ஹட்டன்_லைவ்

போட்டாச்சு. ஹம் போச்சு. டப்பாவை முதல்ல பவர் பெட்டிக்கு மேலேயே வச்சதில கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேசையோட மத்தப் பக்கம் தள்ளினதும் அதுவும் இல்லை. மஞ்சள் டேப் சுத்தியாச்சு, ட்யூப் வெட்டியாச்சு.